முழங்கால் இடிக்கும் இடம்

அத்தியாயம் 11

ஓட்வாரின் காரில், ஓட்டுகிறவர் பக்கக் கதவின் உட்புறம் ஒன்று, இரண்டு, மூன்று என எண் போட்ட சின்னப் பொத்தான்களும், இருக்கையின் நிலையைப் பதிந்துவைக்க ஒரு நினைவுப் பொத்தானும் உண்டு. ஒன்றை அழுத்தினால் இருக்கை பின்னுக்குப் போய்த் தாழ்ந்து, தந்திக் கம்பம்போல் வளர்ந்த ஓட்வாருக்கு இடம்விடும். இரண்டை அழுத்தினால் முன்னுக்கு வந்து உயர்ந்து, குள்ளமான குன்வோருக்காகக் காத்து நிற்கும். மூன்றாம் பொத்தானுக்கு ஆள் கிடையாது.

போன இலையுதிர் காலத்திலிருந்து இரண்டாம் பொத்தானுக்கும் ஆள் கிடையாது.

காரணம் நினைவிருக்கும். ஏரிக்கரை நகராட்சி ஒன்றின் குடிநீர், கழிவுநீர்த் துறைத் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற ஓட்வார், பிரிவுபசார விருந்தில் நன்றியுரை ஆற்றினார். மேயருக்கு நன்றி சொன்னார். துணை மேயருக்குச் சொன்னார். பனி அள்ளும் வண்டிகளுக்குச் சொன்னார். இரண்டாம் மாடிக் காப்பி மெஷினுக்குக்கூடத் தொண்டை கரகரக்க நன்றி சொன்னார். முதல் வரிசையில் புதுச் சட்டையோடு உட்கார்ந்திருந்த மனைவியை மட்டும் விட்டுவிட்டார்.

மறுநாள் காலை குன்வோர் ஒரு பெட்டியோடு காரை எடுத்துக்கொண்டு ஹாமர் ரயில் நிலையத்துக்குப் போனாள். காரை அங்கேயே விட்டுவிட்டு ரோரோஸுக்கு, தங்கை வீட்டுக்கு, ரயிலேறினாள். கார் எந்த இடத்தில் நிற்கிறது என்று மட்டும் செய்தி அனுப்பினாள்.

அதை எடுத்துவரப் போன ஓட்வார் கதவைத் திறந்து உட்காரப் பார்த்தார். முடியவில்லை. முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது. முப்பத்தைந்து வருடம் கூடவே வாழ்ந்தவள் எந்த அளவு இடத்தில் உட்கார்ந்திருந்தாள் என்பது அன்றைக்குத்தான், அதுவும் முழங்கால் வழியாக, அவருக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரு பழக்கம் வந்தது. சாயங்காலங்களில் கார் கொட்டகைக் கதவை இறக்கிவிட்டு, பக்கத்து இருக்கையில் போய் உட்காருவார். எட்டிக் கையை நீட்டி இரண்டாம் பொத்தானை அழுத்துவார். காலி இருக்கை மெல்ல முனகிக்கொண்டு முன்னால் நகர்ந்து வரும். அவள் வந்து உட்காருகிற ஓசை அது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு ஒன்றை அழுத்திவிட்டு உள்ளே போய்ச் சாப்பிடுவார். யாராவது பார்த்துக் கேட்டால் சொல்ல, கார் பேட்டரியைச் சோதிப்பதாக ஒரு பதில்கூடத் தயாராக வைத்திருந்தார். யாரும் கேட்கவில்லை.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். குளிர்காலம் முழுக்க ஓட்வார்தான் ஓட்டுவார். ஈஸ்டர் முடிந்து, பனிச்சாலைக்கான ஆணி டயரைக் கழற்றிக் கோடை டயர் மாட்டியதும், முதல் ஓட்டம் குன்வோருடையது. ஏரியைச் சுற்றி, பாலத்தைத் தாண்டி ஹெல்கயோ தீவுவரை போய்த் திரும்புவார்கள். போன வாரம் ஓட்வார் போன் செய்து, "டயர் மாத்தப்போறேன்" என்றார்.

"முதல் ஓட்டம் என்னோடதுதானே?" என்றாள் குன்வோர்.

"உன்னோடதுதான்."

"சனிக்கிழமை மத்தியான வண்டியில வர்றேன்."

அந்தச் சனிக்கிழமைதான் இன்று.

●

கார் வாங்கிய நிலையத்திலேயே சர்வீஸும் நடக்கும். குளிர்காலம் முழுக்கக் கோடை டயர்களைத் தங்கவைக்கிற கிடங்கும் அங்கேயே உண்டு. அதற்கு டயர் ஹோட்டல் என்று பெயர். வரவேற்பறையில் காப்பி இருந்தது, வாஃபிள் இருந்தது, அதன்மேல் வைத்துக்கொள்ளப் பழுப்புச் சீஸ் இருந்தது, குழந்தைகளுக்கு வண்ணப் பென்சில் இருந்தது, பெரியவர்களுக்கு ப்ரேபென் இருந்தான்.

ப்ரேபென் அங்கே வாடிக்கையாளர் அனுபவ இயக்குநர். சாவி கொடுக்கிறவர் என்று சொன்னால் எல்லாருக்கும் புரிந்துவிடும் என்பதால் வைத்த பெயர்.

"ஓட்வார்! வாங்க, வாங்க. வாஃபிள் எடுத்துக்குங்க, இப்பத்தான் சுட்டது. உங்க வண்டி எப்படி நிக்குது பாருங்க, புதுசு மாதிரி."

ஓட்வார் வாஃபிளை மறுத்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு வெளியே போனார். கார் கழுவித் துடைத்துப் பளபளப்பாகத்தான் நின்றது. கதவைத் திறந்து ஒன்றாம் பொத்தானை அழுத்தினார். இருக்கை அசையவில்லை. இரண்டை அழுத்தினார். அசையவில்லை. திரை மட்டும் ஒளிர்ந்தது.

'வருக, புதிய ஓட்டுநரே!'

ஓட்வார் மறுபடி இரண்டை அழுத்தினார். அழுத்தியபடியே சிறிது நேரம் நின்றார். பிறகு உள்ளே திரும்பிப் போனார்.

"சீட்டோட ஞாபகம் போயிடுச்சு."

"போகல ஓட்வார். புதுசாயிடுச்சு," என்றான் ப்ரேபென் முகம் மலர்ந்து. "புது மென்பொருள் ஏத்தியிருக்கோம். இலவசம்."

"நான் கேட்கவே இல்லையே."

"கேட்டிருந்தா காசு ஆகியிருக்கும்."

"பழசைத் திரும்பக் கொண்டுவாங்க."

"பழைய ஓட்டுநர் விவரத்தை நாங்க வச்சுக்கக் கூடாது. தனியுரிமை. உங்க பாதுகாப்புக்குத்தான்."

"என் சீட்டு போனாப் போகட்டும். ரெண்டாம் நம்பர் வேணும். அது என் மனைவியோடது."

"அவ்வளவுதானே? அவங்க வந்து உட்கார்ந்து ஒரு அழுத்து அழுத்தினா முடிஞ்சுது."

"அவ வர்றதுக்கு முன்னாடி வேணும்."

ப்ரேபெனின் புன்னகை எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றது. இந்த மாதிரிக் கேள்விக்கு அவனுக்குப் பயிற்சி கொடுத்திருக்கவில்லை. கம்ப்யூட்டரில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, "சீட்டை முழுசா சோதிச்சிருக்கோம் ஓட்வார். எல்லாமே அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள்ளதான் இருக்கு" என்றான்.

இருபது வருடங்களுக்கு மேலாக, குழாயில் துருத்தண்ணீர் வருகிறது என்று புகார் எழுதியவர்களுக்கெல்லாம் ஓட்வார் கையெழுத்துப் போட்டு அனுப்பிய வாக்கியம் அது. அதை வாங்கிக்கொள்கிறவர் முகம் எப்படி இருக்கும் என்று அவர் அதுவரை யோசித்ததில்லை. இப்போது ப்ரேபெனின் முதுகுக்குப் பின்னால் இருந்த கண்ணாடியில் தெரிந்தது.

"வேலை பார்த்த ஆள் எங்க? அவரைக் கூப்பிடுங்க."

"அந்தப் பையன் நேத்து மத்தியானமே மலைக்குடிலுக்குக் கிளம்பிட்டான். இன்னும் சறுக்குற பனி இருக்காம்." ப்ரேபென் குரலைத் தாழ்த்தினான். "பாருங்க ஓட்வார், எங்களுக்கு இது வேலை இல்ல. ஒரு உறவு."

"வேலையா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்," என்றார் ஓட்வார்.

காரின் கண்ணாடியில் ஒரு மஞ்சள் அட்டை தொங்கியது. ஐம்பது கிலோமீட்டர் ஓடியபின் சக்கர போல்ட்டுகளை மறுபடி முடுக்கிக்கொள்ளவும் என்று எழுதியிருந்தது. எல்லாரும் மலைக்குடிலுக்குக் கிளம்பிவிடுகிற வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் அந்த நாட்டில் எதையும் யாரும் முழுசாக முடுக்கியதில்லை என்பது ஓட்வாருக்கும் தெரியும். ஆனால் அவர் மனசு போல்ட்டில் இல்லை.

●

ஓட்வார் கூப்பிட்டதும் மாரித் சைக்கிளில் கார் கொட்டகைக்கு வந்து சேர்ந்தாள். ஒரே மகள். உடம்பு வலிக்காரர்களுக்கு நடக்கவும் உட்காரவும் சொல்லிக்கொடுக்கிற பிசியோதெரபிஸ்ட். உயரம் அப்படியே அம்மாவுடையது. வாய் யாருடையது என்பதை மட்டும் இரு தரப்பாரும் இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை.

"என்னப்பா அவசரம்? வீடு கீடு பத்திக்கிச்சா?"

"கார்ல ஏறு."

"எங்க போறோம்?"

"எங்கயும் இல்ல. அம்மா மாதிரி உட்காரு."

"அம்மா மாதிரின்னா? கோவத்தை உள்ள வச்சுக்கிட்டா?"

ஓட்வார் விஷயத்தைச் சொன்னார். மாரித் சிரிக்க ஆரம்பித்து, அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினாள். ஏறி உட்கார்ந்தாள். அவர் சுற்றிப் போய்ப் பக்கத்து இருக்கையில் அமர்ந்தார். அங்கிருந்துதான் அவருக்குக் குன்வோரைத் தெரியும்.

"இன்னும் முன்னாடி வா."

"வந்தாச்சு."

"இன்னும். பெடலை முழுசா மிதிச்சாலும் அவ கால் நீளாது. முட்டி லேசா மடங்கியேதான் இருக்கும்."

மாரித் இருக்கையை நகர்த்துகிற பொத்தானைத் தட்டினாள். இருக்கை முனகியது.

"உயரம் ஏத்து. அவ தலைமுடி அந்த ஜன்னலோட மேல்விளிம்புக்குக் கொஞ்சம் கீழ தெரியும். வெயில்ல அந்த முடி மட்டும் சிவப்பா இருக்கும்."

"முடி கலரை சீட்ல எப்படிப்பா வைக்கிறது?"

"முதுகை நேரா வை. சாயமாட்டா. பாலம் வந்தா மட்டும் ஒரு மூச்சு விட்டுட்டுப் பின்னாடி சாய்வா. அப்ப தலை அந்த மெத்தையில சரியாப் படணும். சிக்னல்ல நின்னா இடது கையை எடுத்து மடியில வச்சுக்குவா. உள்ளங்கை மேல பார்த்த மாதிரி. யாரோ ஏதோ குடுக்கப்போறாங்கங்கிற மாதிரி."

மாரித் இடது கையை எடுத்து மடியில் வைத்தாள். உள்ளங்கையைத் திருப்பினாள். ஓட்வார் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு கொட்டகைச் சுவரில் மாட்டியிருந்த பனிச்சறுக்குக் கட்டைகளைப் பார்த்தார்.

"இதெல்லாம் எங்கப்பா வச்சிருந்த?" என்றாள் மாரித்.

"எதை?"

"இப்பச் சொன்னியே, அதை. அந்த மேடையில இதுல ஒரு வரி சொல்லியிருந்தா அம்மா இந்நேரம் வீட்டுல இருந்திருப்பா."

"இதெல்லாம் சபையில சொல்ற விஷயமா?"

"காப்பி மெஷினைச் சொன்னியே."

ஓட்வாரிடம் இதற்கு அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் பதில் இல்லை.

மாரித் நினைவுப் பொத்தானையும் இரண்டையும் சேர்த்து அழுத்தினாள். டிங் என்றது கார். பதிந்துவிட்டது. கூடவே ஓட்வாரின் சட்டைப்பையிலும் டிங் என்றது. எடுத்துப் பார்த்தார்.

'ஹாய் ஓட்வார்! எங்கள் பணி உங்களை எவ்வளவு மகிழ்வித்தது? ஒன்றிலிருந்து பத்துவரை ஓர் எண் அனுப்புங்கள்! அன்புடன் ப்ரேபென்.'

"ஒண்ணுக்குக் கீழ இருக்கா?" என்று கேட்டார்.

"அப்பா, அம்மாகிட்ட உண்மையைச் சொல்லிடு. அழிஞ்சுபோச்சு, நானும் மாரித்தும் திருப்பி வச்சோம்னு."

"எதுக்கு? அப்படியே அச்சா வந்திருக்கு."

"நீ பக்கத்துல உட்கார்ந்து பார்த்தவன்தான்ப்பா. அவ அதுல உட்கார்ந்தவ."

●

ரோரோஸ் வண்டி வந்து நின்றது. குன்வோர் தோள்பையோடு இறங்கினாள். பெட்டி இல்லை. ஓட்வார் முதலில் பார்த்தது அதைத்தான். பெட்டி இல்லையென்றால் தங்கப்போவதில்லை. இரண்டாவதாகப் பார்த்தது, அவள் தலைமுடியைக் கழுத்தோடு கத்தரித்திருந்தாள். அந்தப் புதுத் தலையின் கீழே பழைய முகம் கொஞ்சம் அந்நியமாக, கொஞ்சம் இளமையாக நின்றது.

கட்டிக்கொள்வதா, கை குலுக்குவதா என்று இருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. நடுவில் ஏதோ ஒன்று நடந்து, அவருடைய மேல்சட்டைப் பொத்தானில் அவளுடைய பையின் வார் மாட்டிக்கொண்டது.

"முடி..." என்றார் ஓட்வார்.

"ஆமா," என்றாள் குன்வோர் வாரை விடுவித்தபடி. "வண்டி எங்க?"

நேராக ஓட்டுகிறவர் பக்கம் போனாள். கதவைத் திறந்து, பார்க்காமலே விரலை வைத்து, இரண்டை அழுத்தினாள். இருக்கை முனகிக்கொண்டு முன்னால் வந்தது. ஓட்வார் மூச்சைப் பிடித்துக்கொண்டார். குன்வோர் உட்கார்ந்தாள். ஒரு கணம் அசையாமல் இருந்தாள். பிறகு பின்னால் பார்க்கிற கண்ணாடியை மட்டும் திருப்பிக்கொண்டு, "போலாமா?" என்றாள்.

ஓட்வார் மூச்சை விட்டார். மாரித்துக்கு எல்லாவற்றிலும் சந்தேகம்.

ஊரைத் தாண்டியதும் ஏரி இடப்பக்கம் வந்து சேர்ந்துகொண்டது. கரையோரத்தில் இன்னும் கொஞ்சம் பனிக்கட்டி, கிழிந்த காகிதம்போல். குளிர்காலம் முழுக்கக் கடகடத்த ஆணிகளின் சத்தம் போய், சாலை மெத்தென்று ஓடியது.

"காதைக் கழுவிவிட்ட மாதிரி இருக்கு," என்றாள் குன்வோர். சற்றுப் பொறுத்து, "ஸ்னூஸ் வச்சுக்கப் பழகிட்டியா?"

"நானா? இல்லையே!"

"கதவுப் பையில டப்பா இருக்கு."

எட்டிப் பார்த்தார். உதட்டுக்கு அடியில் வைக்கிற புகையிலை டப்பா, பாதி காலி. "அது சர்வீஸ் பையனோடது. மறந்துட்டுப் போயிட்டான்."

"பரவாயில்ல. அறுபத்தஞ்சு வயசுல கெட்டுப்போக ஆரம்பிச்சுட்டியோன்னு நினைச்சேன். கொஞ்சம் சந்தோஷமாக்கூட இருந்துச்சு."

ஓட்வார் சிரித்தார். அவளும் சிரிக்கிற மாதிரித்தான் இருந்தது. சிவப்பு விளக்கில் கார் நின்றபோது அவளுடைய இடது கை ஸ்டீயரிங்கை விட்டு இறங்கி மடியில் அமர்ந்தது. உள்ளங்கை மேலே பார்த்தது. அதில் வைப்பதற்குத் தம்மிடம் இருந்த ஒரே பொருளான தம் கையை ஓட்வார் கொஞ்சம் நகர்த்தினார். விளக்கு பச்சையாகிவிட்டது.

தீவுப் பாலத்துக்குப் போகிற நெஸ் பக்கம் திரும்பியதும் குன்வோர் தலையைச் சாய்த்தாள்.

"ஏதோ சத்தம் வருது. இடது முன்சக்கரம். டக், டக்னு."

முப்பத்தைந்து வருடமாக இது நடந்துவருகிற காட்சி. அவளுக்குச் சத்தம் கேட்கும். அவர், "ஒண்ணுமில்ல, ரோடு அப்படி" என்பார். துணி துவைக்கிற மெஷினுக்கும் அதே பதில். கூரைக்கும் அதே பதில். போன வருடம் ஒருநாள், "எனக்கு மனசு சரியில்ல ஓட்வார்" என்று அவள் சொன்னபோதும் கிட்டத்தட்ட அதே பதில்.

ஓட்வார் காதைத் தீட்டிக் கேட்டார். ஏரி கேட்டது, காற்று கேட்டது. டக் கேட்கவில்லை. வாய் பழக்கத்தில் 'ஒண்' வரை வந்துவிட்டது. விழுங்கினார்.

"எனக்குக் கேட்கல," என்றார். "நிறுத்து. உனக்குக் கேட்டா இருக்கும்."

குன்வோர் சாலையிலிருந்து கண்ணை எடுத்து ஒரு முறை அவரைப் பார்த்தாள். பிறகு பஸ் நிறுத்தத்தில் ஒதுக்கி நிறுத்தினாள்.

ஓட்வார் இறங்கி மண்டிபோட்டார். சக்கரத்தில் ஐந்து போல்ட்டுகள். முதலாவதைத் தொட்டார். கல்லுமாதிரி இருந்தது. இரண்டாவது, மூன்றாவது, சரி. நான்காவது விரலோடு கூடவே திரும்பியது, ஜாம் பாட்டில் மூடிபோல. ஐந்தாவதும் அப்படியே. பாலம் அடுத்த வளைவில் இருந்தது. அதன் கீழே ஏரி, இன்னும் யாரும் கால் வைக்க முடியாத குளிரில்.

குன்வோர் வந்து குனிந்து பார்த்தாள். "வெள்ளிக்கிழமை மாட்டினதா?"

"ஆமா."

"மூணாவது போல்ட்டுல மலைக்குடில் ஞாபகம் வந்திருக்கும்."

ஓட்வார் அங்கேயே, மண்டிபோட்டபடியே, போன் செய்தார்.

"ப்ரேபென், சக்கரம் கழலப் பார்த்துச்சு."

"அப்படியா! எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?"

"முப்பதுகூட இல்ல!"

"ஐம்பதுல முடுக்கணும்னு அட்டை மாட்டியிருக்கோமே. நீங்க முந்திக்கிட்டீங்க ஓட்வார். உங்களை மாதிரி வாடிக்கையாளர்தான் எங்களுக்கு..."

குன்வோர் போனை வாங்கினாள். "ப்ரேபென், நான் குன்வோர். வண்டியை ஓட்டிக்கிட்டிருந்தது நான். திங்கட்கிழமை இவர் வருவார். நாலு சக்கரத்தையும் இவர் கண்ணு முன்னாடி நீங்களே உங்க கையால முடுக்குறீங்க. நல்ல சட்டை போட்டுக்கிட்டு வராதீங்க. வாஃபிள் வேணாம்."

போனைத் திருப்பிக் கொடுத்தாள். ஓட்வார் பின்னாலிருந்து ஸ்பானரை எடுத்துவந்து போல்ட்டுகளை முடுக்கினார். மற்ற மூன்று சக்கரங்களையும் சுற்றிவந்து சோதித்தார். அவள் கூடவே நடந்து, ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். கடைசிச் சக்கரத்தில் ஓட்வார் எழுந்திருக்கவில்லை.

"சீட்டையும் அழிச்சுட்டாங்க," என்றார் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே. "ரெண்டாம் நம்பர். மாரித்தை உட்காரவச்சு நான்தான் திருப்பி வச்சேன்."

"தெரியும்."

"எப்ப?"

"உட்கார்ந்த உடனே. ஒரு விரல் பின்னாடி இருக்கு."

"ஏன் சொல்லல?"

"நீ சொல்றியான்னு பார்த்தேன்."

ஒரு லாரி கடந்து போனது. அதன் காற்றில் அவளுடைய கத்தரித்த முடி ஒருபக்கமாகப் பறந்து, வெயிலில் ஒரு கணம் சிவந்து, அடங்கியது.

"நான் வந்து சரிபண்ணிக்க மாட்டேனா?" என்றாள். "இதுக்கு எதுக்கு இவ்வளவு பாடு?"

ஓட்வார் மேடைகளில் பேசிப் பழகியவர். எழுதிவைக்காமலே அரைமணி நேரம் கழிவுநீரைப் பற்றிப் பேசக்கூடியவர். இப்போது ஸ்பானரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"நீ வர்றப்போ அது உன் இடமாவே இருக்கணும்னு," என்றார்.

குன்வோர் போய்க் காரில் ஏறிக்கொண்டாள். ஓட்வார் பின்பக்கம் போய் ஸ்பானரைத் துணியில் சுற்றி வைத்தார். அப்போது முன்னாலிருந்து இருக்கை முனகுவது கேட்டது. ஒரு விரல் அளவுக்கான முனகல். பிறகு,

டிங்.

ஓட்வார் அப்படியே நின்றார். காரா? சட்டைப்பையா? அவசரமாகப் போனை எடுத்துப் பார்த்தார். அதில் ஒரு செய்தி வந்து கிடந்தது.

'ஹாய் ஓட்வார்! உங்கள் எண்ணை இன்னும் காணோமே!'

எப்போது வந்தது? இப்போதா, சற்று முன்பா? கேட்ட டிங் ஒன்றா, இரண்டா? வாழ்நாளெல்லாம் சத்தம் கேட்காத காதை நம்பி அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. குன்வோரிடம் கேட்டிருக்கலாம். அவர் பின்கதவை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

பாலம் வந்தது. குன்வோர் ஒரு மூச்சு விட்டுவிட்டுப் பின்னால் சாய்ந்தாள். தலை மெத்தையில் சரியாகப் பட்டது.

தீவின் முனையில் ஐஸ்கிரீம் கடை இன்னும் திறக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே ஏரியைப் பார்த்தபடி, அவள் ரோரோஸிலிருந்து கொண்டுவந்திருந்த ஏலக்காய் ரொட்டியைக் காருக்குள்ளேயே சாப்பிட்டார்கள்.

"அந்த உரையில..." என்று ஓட்வார் ஆரம்பித்தார்.

"அது நல்ல மெஷின்தான்," என்றாள் குன்வோர். "பால் மட்டும் சரியா வராது." பாதி ரொட்டியைப் பிய்த்து அவரிடம் நீட்டினாள்.

●

திரும்பி வந்தபோது ரோரோஸ் வண்டி நடைமேடையில் காத்திருந்தது. குன்வோர் காரை நிறுத்தினாள். போன இலையுதிர் காலத்தில் நிறுத்திய அதே வரிசை. இறங்கித் தோள்பையை மாட்டிக்கொண்டாள்.

"முதல் ஓட்டம் நல்லா இருந்துச்சு," என்றாள்.

"ரெண்டாவது ஓட்டம்னு ஒண்ணு..."

"திங்கட்கிழமை முதல்ல சக்கரத்தை முடுக்கிட்டு வா."

போய்விட்டாள். ரயில் வடக்கே நகர்ந்து, கடைசிப் பெட்டியும் கிடங்குகளுக்குப் பின்னால் மறையும்வரை ஓட்வார் நின்றார். பிறகு ஓட்டுகிறவர் பக்கக் கதவைத் திறந்தார்.

இருக்கை அவள் விட்டுப்போன இடத்தில் இருந்தது. மாரித்தை வைத்து அளந்த இடம் இல்லை, இதுதான் அசல். ஒரு விரல் முன்னால்.

ஒன்றை அழுத்தினால் இது பின்னால் போய்விடும். பிறகு இரண்டை அழுத்தினால் தெரிந்துவிடும். அவள் பதிந்துவைத்திருந்தால் இங்கேயே திரும்பி வரும். பதியவில்லையென்றால், ஒரு விரல் பின்னால், மாரித்தின் இடத்தில் வந்து நிற்கும். அவள் இன்றைக்கு ஒருநாள் ஓட்டுவதற்காக மட்டும் நகர்த்திக்கொண்டாள் என்று அர்த்தம்.

அவரே இப்போது நினைவுப் பொத்தானை அழுத்திப் பதிந்துகொள்ளலாம். இடம் பத்திரமாகிவிடும். ஆனால் அவள் பதிந்தாளா என்பது அதோடு அழிந்துவிடும், மென்பொருள் புதுப்பித்த மாதிரி.

விரல் பொத்தான்களுக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கீழே இறங்கியது.

ஓட்வார் உடம்பை மூன்றாக மடித்து உள்ளே நுழைந்தார். தலை கூரையில் முட்டியது. முழங்கால் இரண்டும் ஸ்டீயரிங்கின் இருபக்கமும் போய் இடித்துக்கொண்டன. கதவை இழுத்து மூடவே தோளைக் கழற்றிவைக்க வேண்டும்போல் இருந்தது. பக்கத்துக் காரில் ஏறப்போன ஒரு பெண்மணி நின்று பார்த்தாள். ஓட்வார் துறைத் தலைவருக்குரிய கம்பீரத்தோடு தலையசைத்தார்.

டிங்.

இன்னொரு முறை எண் கேட்டால் இந்த ப்ரேபெனை ஏரியில் தள்ளிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு, வயிற்றுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவிலிருந்து போனை உருவினார்.

ப்ரேபென் இல்லை.

'முழங்கால் இடிக்குதா?'

ஓட்வார் அதை இரண்டு முறை படித்தார். கட்டைவிரலால், ஒவ்வோர் எழுத்தாக, பதில் அடித்தார்.

'இடிக்குது.'

திரையில் மூன்று சிறு புள்ளிகள் தோன்றி ஒன்றன்பின் ஒன்றாக மினுங்கின. குன்வோர் எழுதிக்கொண்டிருக்கிறாள். ஓட்வார் முழங்காலை அசைக்காமல் காத்திருந்தார். புள்ளிகள் நின்றன. மறுபடி மினுங்கின. பிறகு, ரயில் சிக்னல் எட்டாத காட்டுக்குள் நுழைந்திருக்க வேண்டும், மூன்றும் ஒரேயடியாக மறைந்துபோயின.